சலூன்காரர் என்ன தப்பு செய்தார்?

என் அண்ணியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத என்னை விட்டால் நாதி இல்லை. எங்கள் கிறிஸ்தவ சபையில் அவளைப் பற்றி என்னவெல்லாமோ பேசுகிறார்கள். பேசட்டும். வாய் இருக்கிறது, வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் அவளோடு ஒரே தெருவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான். நாத்தனார் சொன்னால் அதில் கொஞ்சமாவது உண்மை இருக்கும், நாத்தனார்கள் சும்மா புகழ மாட்டார்கள்.

அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. பேச்சில்தான் நீங்க, வாங்க. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகள் போடும் அங்கி எல்லாம் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து ஆவி பறக்க வரும். சூடு ஆறுவதற்குள் இழுத்து மடித்துவிட வேண்டும், ஆறினால் சுருக்கம் நின்றுவிடும். எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று மடிக்கிற விரிப்பை இவள் ஒண்டியாக, முகவாயில் ஒரு முனையை இடுக்கிக்கொண்டு மடிப்பாள். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இராது. டீ பாத்திரம் பிடிக்கிற கரித்துணியைக்கூட நாலாக மடித்துத்தான் வைப்பாள்.

"என்னையும் மடிச்சு அலமாரியில வெச்சுடாதீங்க அண்ணி" என்பேன்.

"உன்னை வெச்சா கதவு சாத்தாதும்மா" என்பாள். எனக்கு உடம்பு கொஞ்சம் பூசினாற்போல்.

என் அண்ணன் நகராட்சி நீச்சல்குளத்தில் பயிற்சி கொடுக்கிறவன். எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்கும். அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. அண்ணியைக்கூட 'விசில் வீட்டுக்காரம்மா' என்றுதான் கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். வீட்டில் அவனைப் போல ஒழுங்கில்லாத மனுஷன் கிடையாது. சட்டை ஒரு மூலை, பேண்ட் ஒரு மூலை, சாக்ஸ் ஒன்று கட்டிலுக்கடியில், மற்றது ஆண்டவருக்குத்தான் தெரியும். குளத்தில் மட்டும் ஆளே வேறு. சட்டையைக் கழற்றி மடித்து, அதன்மேல் பேண்ட்டை இரண்டாக மடித்து, வாட்ச், கண்ணாடி, கடைசியாக மேல்வரிசைப் பல்செட்டை ஒரு கைக்குட்டையில் வைத்துவிட்டு இறங்குவான். அங்கே நீச்சல் கற்றவள் என்பதால் எனக்கு இது தெரியும். அண்ணிக்குத் தண்ணீர் என்றாலே பயம். குளத்துப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை.

அந்தக் கதைப் புத்தகங்கள் வீட்டுக்குள் நுழைந்தது சபை வாசகர் வட்டம் வழியாக. உலக முடிவைப் பற்றிய தொடர் நாவல். ஆண்டவர் இரகசியமாக வந்து தம்முடையவர்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார், மற்றவர்கள் ஏழு வருஷம் உபத்திரவத்தில் கிடந்து அல்லாடுவார்கள். அந்த அல்லாட்டம்தான் பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்தது. சபையில் இருந்தது ஒரே ஒரு பிரதி. அதனால் பாஸ்டர் ஒரு சட்டம் போட்டிருந்தார்: படித்தவர் எல்லோர் முன்னாலும் கருத்துச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பாகத்தை வாங்க வேண்டும். சனிக்கிழமை மாலை, சபையின் பின்னறை, டீ, பிஸ்கட். நான் பிஸ்கட்டுக்காகப் போனவள்.

"நாலாம் பாகத்துல சண்டையே பத்தல" என்பார் மருந்துக்கடைக்காரர். "அந்த வில்லன் அந்திக்கிறிஸ்து வர்றான், இதோ வர்றான்னு நூறு பக்கம் இழுத்துட்டாங்க."

கணக்கு டீச்சருக்கு வேறு கவலை. "உபத்திரவமே ஏழு வருஷம்தான். இந்த எழுத்தாளர் இத்தனை பாகம் எழுதியும் இன்னும் ரெண்டாம் வருஷத்தைத் தாண்டல. இந்த வேகத்துல போனா நிஜ வருகை முந்திக்கும்."

முதல் பாகத்தில், எடுத்துக்கொள்ளப்படும் காட்சி ஒரு சலூனில் நடக்கிறது. பாதி முகம் சவரம் ஆன நிலையில் வாடிக்கையாளர் மாயமாகிறார். நாற்காலியில் அவருடைய துணிமணி அழகாக மடித்து வைத்திருக்கிறது, மேலே கண்ணாடி, மோதிரம். கத்தியும் கையுமாக சலூன்காரர் நிற்கிறார். எங்கள் வட்டத்துத் தையற்காரருக்கு இது ஆகவே ஆகாது.

"ஆளே காத்தாக் கரைஞ்சு போறப்ப துணியை யாருங்க மடிச்சா? தேவதூதருக்கு வேற வேலை இல்லையா?"

"ஏன், அதுவும் ஒரு வேலைதானே?" என்று அண்ணி சண்டைக்குப் போய்விட்டாள். "யாராவது மடிக்கத்தானே வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு அந்தக் கதையில் ரொம்பப் பிடித்தவர் அந்த மடிக்கிற தூதர்தான். ஆனால் அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும், எந்தப் பாகத்தைப் படித்திருந்தாலும், சொன்ன கருத்து ஒன்றே ஒன்று.

"அந்த சலூன்காரர் என்ன தப்பு செஞ்சாரு? தன் பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டுத்தானே இருந்தாரு?"

"விசுவாசம் போதல சிஸ்டர்" என்று டீச்சர் கணக்கை முடித்துவிடுவார். அண்ணி அடுத்த பாகத்தை வாங்கிக்கொண்டு வருவாள். வழியெல்லாம் முகம் விழுந்து கிடக்கும்.

"கதைதானே அண்ணி, விடுங்க" என்றால், "உனக்கென்ன, நீ பிஸ்கட் தின்னுட்டுப் போயிடுவே" என்பாள்.

அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தான், பிறகு தெருவை, பிறகு என்னை. "நீ யாரு பொண்ணும்மா?" என்று என்னிடமே கேட்டான். "உங்கப்பா பொண்ணுதான்டா பாவி" என்றேன். சிரித்தான். சமையலறைக் குழாயில் தண்ணீர் கொட்டினால் விசில் ஊதி, "ஆழத்துக்குப் போகாதீங்க!" என்று அதட்டுவான்.

அண்ணிக்கு அப்போது பிடித்த பயம்தான் கடைசிவரை விடவில்லை: அவன் எடுத்துக்கொள்ளப்பட்டுத் தான் மட்டும் நின்றுவிடுவோமோ என்று. வேலை முடிந்து வந்து, அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, அவன் துப்பியதைத் துடைத்து, பொறுமை போய் அவள் கத்துகிற நாட்கள் இருந்தன. ஒரு நாள் கையில் பட்டென்று ஒரு அடியும் வைத்துவிட்டாள். அதற்காக வாரக்கணக்கில் முழங்காலில் நின்று அழுதாள். அண்ணனுக்குத் தெளிவு வந்த ஒரு மத்தியானம் அவனிடமே கேட்டாள்.

"உங்களை மட்டும் கூப்பிட்டா என்ன செய்வீங்க?"

"இவளும் என்கூடத்தான்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றான் என் அண்ணன். "கேட்ல நிக்கிறவன் நமக்குத் தெரிஞ்சவன்தான்."

அதோடு விட்டாளா? வாசகர் வட்டத்தில் கேட்டாள், புத்தி மங்கியவர்களை ஆண்டவர் எடுத்துக்கொள்வாரா என்று. அன்று நடந்த மாதிரி வாக்குவாதம் எந்தப் பாகத்துக்கும் நடந்ததில்லை. ஆறாம் பாகத்தில் குழந்தைகள் ஒருவர்கூட விடப்படவில்லை என்று வருகிறது, புத்தி மங்கியவரும் குழந்தைதான், ஆகவே அவர் போவது உறுதி என்று மருந்துக்கடைக்காரர் தீர்ப்பு எழுதினார். எல்லோரும் ஆமென் போட்டார்கள். ஏதோ இவர்கள் கையால் டிக்கெட் கிழிக்கிற மாதிரி.

"அப்போ நானு?" என்றாள் அண்ணி.

ஆளாளுக்கு டீயை ஆற்ற ஆரம்பித்தார்கள். கடைசியில் அந்த மருந்துக்கடை மகான், "அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல இருக்கிற விஷயம் சிஸ்டர்" என்றார். ஆறுதலுக்கு ஒரு பொய் சொன்னால் நாக்கா வெந்துவிடும்? அன்றைக்கு நான் பிஸ்கட்டைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அது நடந்தது ஒரு மழைக்காலத்தில். காலையிலிருந்து மத்தியானம் வரை அண்ணனை நான் பார்த்துக்கொள்வேன், சாப்பிட்டதும் தூங்கிவிடுவான், முன்கதவைப் பூட்டிவிட்டு வருவேன். சற்று நேரத்தில் அண்ணி வந்துவிடுவாள். பின்கதவுத் தாழ்ப்பாள் தலைக்கு மேலே, அவன் அதுவரை கை வைத்ததில்லை. அன்று இருட்டத் தொடங்கியும் அவர்கள் வீட்டில் விளக்கு எரியவில்லையே என்று போனேன்.

அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போட்டுப்போன செருப்புகூடக் காலில் அப்படியே. எதிரே நாற்காலி. அதில் அண்ணனின் துணி, மடித்த மடிப்புக் கலையாமல். மேலே வாட்ச், கண்ணாடி. அதற்கும் மேலே கைக்குட்டையில் பல்செட்.

"அண்ணா எங்க?"

"எடுத்துக்கிட்டாங்க" என்றாள். அழுது அழுது குரலே வரவில்லை. "கூட்டிட்டுப் போறேன்னாரு. என்னைப் பத்திச் சொல்லவே இல்ல போலிருக்கு." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயோ, உன்னையும் விட்டுட்டாங்களா?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு அந்த அடுக்கைப் பார்த்தேன்.

"அண்ணி! அவன் குளத்துல இறங்குறப்ப இப்படித்தான் வைப்பான்! எழுந்திருங்க, அவன் தண்ணிக்குப் போயிருக்கான்!"

அவள் புரியாமல் விழித்தாள். வாழ்நாள் முழுக்க மூலைக்கு ஒன்றாக அவன் எறிந்த துணியைப் பொறுக்கியவள். அவன் கை ஒரு சட்டையை மடிக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. மடிப்பதற்கென்று ஒரு தூதர் இருக்கிறார் என்று மட்டும் தெரியும். நான் பின்பக்கம் ஓடினேன். கதவு திறந்து கிடந்தது, பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

பின்சந்தின் முனையில், கட்டடம் கட்டத் தோண்டிவிட்டுப் பாதியில் கைவிட்ட பள்ளம் ஒன்று உண்டு. மழைக்கு நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. கரையில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். அண்ணனைத் தூக்கிச் சேற்றில் கிடத்தியிருந்தார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த உடம்பு. குளிர்ந்த தண்ணீரில் மார்பு பிடித்துக்கொண்டிருக்கும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

அங்கே காவலுக்கு இருந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "பெரியவர் வெகு நேரம் கரையில உக்காந்து காலை நனைச்சுக்கிட்டு இருந்தாருங்க. அப்பப்ப இந்தச் சந்துப் பக்கமாத் திரும்பித் திரும்பிப் பாத்தாரு. யாரு வரணும்னு கேட்டேன், வீட்டுக்காரி வருவான்னாரு. சரி, வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு நினைச்சேன். அந்தப் பக்க கேட்டைப் பூட்டிட்டு வர்றதுக்குள்ள..."

அண்ணி எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"எப்ப வரைக்கும் உக்காந்திருந்தாரு?" என்றாள்.

"இப்பத்தாம்மா. தெரு விளக்குப் போட்ட பிறகுகூட இருந்தாரு."

அவள் வீட்டுக்கு வந்தபோது வெயில் இருந்தது. அந்த நாற்காலிக்கு முன்னால் அவள் உட்கார்ந்து அழுத நேரமெல்லாம், கூப்பிடு தூரத்தில் அவனும் உட்கார்ந்திருந்தான்.

அடக்கத்துக்கு வாசகர் வட்டம் முழுசாக வந்தது. சும்மா வந்துவிட்டுப் போகக் கூடாதா? அங்கேயும் கருத்து. "எப்படிப் பார்த்தாலும் பிரதர் ஆண்டவர்கிட்டதானே போனாரு, சிஸ்டர் நினைச்சது தப்பில்ல" என்றார் மருந்துக்கடைக்காரர். "கதையையும் நிஜத்தையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் டீச்சர், எப்பவுமே சொல்லாதவர். நான் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். சவப்பெட்டி பக்கத்தில் இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. தையற்காரர் மட்டும் ஒன்றும் பேசாமல், அண்ணனுக்குப் போட்டிருந்த கோட்டின் காலரை இழுத்து நேராக்கிவிட்டுப் போனார்.

அண்ணி மறுபடி வேலைக்குப் போகிறாள். விரிப்பை இப்போது ஒண்டியாக மடிக்க முடியவில்லையாம், எதிரே ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டில் எதையும் மடிப்பதில்லை. துணியெல்லாம் கட்டில்மேல் மலையாகக் கிடக்கிறது, அதைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். நான் மடிக்கப் போனால், "அப்படியே கிடக்கட்டும்" என்கிறாள். சபைக்குப் போவதில்லை. ஜெபம் செய்கிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பள்ளத்தை மூடிவிட்டார்கள், யாரோ மனுக் கொடுத்து. அவளைச் சிரிக்க வைக்க நானும் தினம் ஏதாவது உளறிப் பார்க்கிறேன். உதடு அசைகிறது, அவ்வளவுதான்.

போன வாரம் கணக்கு டீச்சர் புதுப் பாகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ஆள் கெட்டவர் இல்லை.

"உங்க கருத்து இல்லாம வட்டமே நல்லா இல்ல சிஸ்டர். இது கடைசிப் பாகம். விடப்பட்டவங்க எல்லாம் ஏழு வருஷத்தையும் தாண்டி, போனவங்களைத் திரும்பப் பாக்குறாங்க. படிச்சா உங்களுக்கு ஆறுதலா இருக்கும்."

அண்ணி புத்தகத்தை வாங்கவில்லை.

"எனக்குப் பாக்க வேணாம் டீச்சர்."

"யாரை சிஸ்டர்?"

"அவரைத்தான். பாத்தா, 'அவ்வளவு நேரம் உக்காந்திருந்தேனே, ஏன் வரல'ன்னு கேப்பாரு. நான் என்ன சொல்லுவேன்?"