நீலக் கொடியில் ஒரு வெள்ளைப் பூ

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு கோமதியக்கா ஒரு வெள்ளைச் சங்குப்பூவோடு வந்து நின்றார். திருநெல்வேலிக்காரர்கள். தி.நகரில் ஜவுளிக்கடை.

“டீச்சரம்மா, நீலப்பூ விதைன்னுதான குடுத்த? ஒரு கொடி மட்டும் வெள்ளையா பூத்திருக்கு! காலேஜ்லயும் இப்படித்தான் பாடம் எடுக்கியா?”

சிரித்தேன். விதையில் தப்பில்லை. நீலப் பூவில் வெள்ளைப் பூவின் மகரந்தத்தைத் தடவி நானே உண்டாக்கிய கொடியின் விதை அது. அந்தக் கலப்பில் பிறந்தவை எல்லாமே நீலம். வெள்ளை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, நீலத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அந்தக் கொடி தன் மகரந்தத்தாலேயே காய்த்தபோது, மகரந்தம், சூல் என இரு பக்கமும் ஒளிந்திருந்த வெள்ளை சில விதைகளில் ஒன்றுசேர்ந்துவிட்டது. சராசரியாக நாலில் ஒன்று அப்படி வரும்.

சொல்லிக்கொண்டே போனேன். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்போ... ரெண்டு பக்கமும் ஒரே சொந்தமா இருந்தா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா கட்டிக்கொண்டது அத்தை மகனை. இளைய பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இப்போது மகள் கலாவுக்கும் தன் அண்ணன் மகனையே பேசியிருக்கிறார் — வெள்ளிக்கிழமை நிச்சயம்.

வகுப்பில் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னேன். ஒன்று: மனிதர்கள் சங்குப்பூ இல்லை. இரண்டு: காது கேளாததற்கு வேறு காரணங்களும் உண்டு. மூன்று: சொந்தத்தில் கட்டினால், ஒளிந்திருப்பது ஒன்றுசேரும் வாய்ப்பு அதிகம். டாக்டரைக் கேட்காமல் நிச்சயம் வேண்டாம்.

அக்கா கேட்டதோ வேறு.

“அவன் வயித்துல இருக்கும்போது கோயில் கொடை விழாவுக்குப் போயி, வேட்டுச் சத்தத்துல நின்னேன். அதனாலதான் இப்படின்னு எங்க அத்தை இன்னைக்கும் சொல்லுதாவ. அதனால இல்லையா?”

“இல்லக்கா.”

அழுதார். பிறகு, “இத எங்க அத்தைகிட்ட வந்து சொல்லுதியா?” என்றார்.

போனேன். சொன்னேன்.

“அப்போ எங்க வீட்டு வழியிலயும் பாதி வந்திருக்குங்கியோ?” என்று கேட்டார் அந்த மாமியார்.

“பரம்பரையா வந்ததுன்னா, ரெண்டு வழியிலயும்தான் பாட்டியம்மா.”

அவர் உடனே மகனைக் கூப்பிட்டு, நிச்சயத்தைத் தள்ளிவைக்கும்படி ஊருக்குத் தந்தி அடிக்கச் சொன்னார். மருமகளைப் பார்த்து, “இதுல யாரைக் குத்தம் சொல்ல?” என்றார்.

பாதி தன் பங்குக்கு வந்த பிறகுதான், அது பழியே இல்லை என்பது சிலருக்குத் தெரிகிறது.