உள்ளே விழும் கதவு

"இந்தக் கதவு எந்தப் பக்கம் விழும், தங்கச்சி?"

கதவு மாட்டும் ஷர்ஷென் முதன்முதலில் ஊல்கானிடம் கேட்டது இதைத்தான். அக்டோபர் மாதம், கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில், மூன்றாவது மாடியில் ஒரு கட்டட வரைபட அலுவலகம். காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். திரையில் ஒரு குவிமாடம். அதன் வயிற்றில், அதே வளைவோடு ஒரு கதவு.

"விழாது அண்ணே. திறக்கும்."

"திறக்கும், சரி. விழுறது எந்தப் பக்கம்?"

பக்கத்து மேசையிலிருந்து மெலிஸ் சிரித்தார். அலுவலகம் அவருடையது. "டேய், இது கம்ப்யூட்டர்டா. இதுல எதுவும் விழாது. கரண்ட்தான் போகும்."

"கரண்ட் போனா கதவு எங்க நிக்கும் அண்ணே?"

"உன் தலையில வந்து நிக்கும், போடா."

ஷர்ஷென் சிரிக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தான். நூலைத் திரையின் மேல்விளிம்பில் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டான். நூல் அசைந்து அசைந்து நின்றது. கதவின் ஓரம் கீழே நூலை ஒட்டியிருந்தது. மேலே போகப் போக விலகி, உச்சியில் நான்கு விரல் தள்ளி நின்றது.

"மானிட்டர் சாஞ்சிருக்கும்," என்றார் மெலிஸ்.

மானிட்டர் நேராகத்தான் இருந்தது. "டோமே சாய்வுதானே அண்ணே," என்றாள் ஊல்கான். "கதவும் அதோட சாயும்."

"சாயட்டும். சாஞ்ச கதவு சும்மா நிக்காது. எத்தன கிலோ?"

"கணக்குப் பாக்கல."

அவன் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். ஊற்றி வைத்திருந்த தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினான்.

ஊல்கான் பார்க்காத கணக்கு அது ஒன்றுதான். மென்பொருளைப் பொறுத்தவரை கதவு என்பது நேரான சுவரில் நிற்கும் தட்டைப் பலகை. குவிமாடத்தில் கொண்டுபோய் வைத்தால் ஏற்காது. அதனால் குவிமாடத்தின் தோலிலிருந்தே ஒரு துண்டை வெட்டி, தடிமன் கொடுத்து, சுற்றிலும் விரல் அகல இடைவெளி விட்டுக் கதவாக்கினாள். பதினொரு நாள் வேலை. வளைந்த ஓரத்தில் கீல்களை வளைவாகவே வரிசை வைத்தால் கதவு திரும்பாது என்று அவளுக்குத் தெரியும். மேல்கீலையும் கீழ்க்கீலையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தினாள். அந்தக் கோடு உள்பக்கம் பதினான்கு பாகை சாய்ந்திருந்ததை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதையும் அவள் தீர்மானிக்கவில்லை. மெலிஸ் பல வருடங்களுக்கு முன் செய்து வைத்த மாதிரிக் கோப்பில் எல்லா வெளிக்கதவுகளும் உள்ளே திறப்பவை. குவிமாட விடுதி வரப்போவது சூசமிர் பள்ளத்தாக்கில். இடுப்புயரம் பனி விழும் ஊரில் வெளியே திறக்கும் கதவை யார் வைப்பார்கள்? அவளுடைய வளைந்த கதவையும் கோப்பு தானாகவே உள்பக்கம் திருப்பிக்கொண்டது. அசையும் படமாகக் காட்டியபோது, முலாம்பழத்தில் வெட்டிய துண்டு கழன்று வருவதுபோல் கதவு மெல்ல உள்ளே போனது. விடுதியின் சொந்தக்காரி கனிமெத் கைதட்டினாள்.

ஷர்ஷெனும் சூசமிர்க்காரன்தான். இருபது வருடமாகக் கதவு மாட்டுகிறவன். அதில் பதினொரு வருடம் மாஸ்கோவில், இரும்புக் கதவுகளும் கிடங்கு வாயில்களும். கடைசிக் குளிர்காலத்தில் ஒரு கிடங்கின் வாயிலை மாட்டிக்கொண்டிருந்தபோது திருகாணி எடுக்கக் குனிந்தான். அவனோடு வேலை செய்த கோச்கோர் ஊர்க்காரன் உள்பக்கம் நின்றிருந்தான். வாயில் உள்பக்கம் விழுந்தது. அந்த உடலோடு விமானத்தில் ஊர் வந்தவன் பிறகு திரும்பிப் போகவில்லை. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவன் மனைவி சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

அவன் வீட்டில் வெளிவாசலுக்கு மட்டும் கதவு. அறைகளுக்கெல்லாம் திரைச்சீலை. யார் வீட்டுக்குப் போனாலும் கதவைப் பாதி தள்ளிக் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பான். கதவு அசையாமல் நின்றால்தான் உள்ளே காலெடுத்து வைப்பான். "வாப்பா ஷர்ஷென், எங்க கதவுக்கு ஊசி போட்டாச்சு, கடிக்காது," என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். அதற்கும் காத்திருந்துவிட்டுத்தான் நுழைவான்.

நவம்பரில் முதல் கதவு மாட்டும் அன்று மெலிஸோடு ஊல்கானும் சூசமிருக்குப் போனாள். நான்கு பேர் தூக்கி நிறுத்திக் கீலில் மாட்டினார்கள். ஷர்ஷென் எல்லோரையும் உள்ளிருந்து விரட்டினான். தானும் வெளியே வந்து, நீட்டிய கையால் தாழ்ப்பாளை எடுத்தான்.

கதவு அரை மூச்சு நேரம் தயங்கியது. பிறகு யாரும் தொடாமலே உள்ளே போனது. போகும்போது சத்தமே இல்லை. முட்டி நின்றபோது குவிமாடம் முழுவதும் அதிர்ந்து, உச்சியிலிருந்த பனி சரிந்து அவர்கள் காலடியில் கொட்டியது. உள்ளே சுவரோரம் யாரோ மறந்து வைத்த தகர வாளி அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

"அட, தானா திறக்குதே!" என்றாள் கனிமெத். "விருந்தாளிய வா வான்னு கூப்பிடுது பாரு."

மெலிஸுக்கு உயிர் வந்தது. "அதான் அக்கா, டிசைன்!"

"அக்கா, வாளியப் பாருங்க," என்றான் ஷர்ஷென்.

"வாளிய யாரு அங்க வெக்கச் சொன்னது?"

"நாளைக்கு வாளி இருந்த எடத்துல ஆளு நிப்பான். வெளிப்பக்கம் திருப்பவும் முடியாது, பனி அடைச்சுக்கும். நேரா ஒரு நிலை நட்டு, நேர்க்கதவு மாட்டணும்."

"மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டா? அப்ப நான் எதுக்குய்யா வளைஞ்ச கதவு கேட்டேன்? பிரேக் ஒண்ணு மாட்டி விடு." கனிமெத் திரும்பினாள். "படம் போட்ட பொண்ணு என்ன சொல்லுது?"

அதற்குள் ஊல்கான் எடையைக் கணக்கிட்டிருந்தாள். நூற்று நாற்பது கிலோ. வீட்டில் கிர்கிஸ் பேசுபவள், அலுவலகத்தில் ரஷ்யன் பேசுபவள். அன்று ரஷ்யனில் சொன்னாள். அந்த மொழியில் சொன்னால் எதுவும் உறுதியாகக் கேட்கும். "கணக்குப்படி பிரேக் தாங்கும்."

ஷர்ஷென் அவளை ஒருமுறை பார்த்தான். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாலை வண்டி கிளம்பும்போது கண்ணாடியைத் தட்டினான். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள், போர்சோக், ஒரு பொட்டலம் நீட்டினான். பொரித்த சூடு இன்னும் இருந்தது. கூடவே ஒன்று கேட்டான். சின்ன விஷயம், பத்து நிமிட வேலை. சரி என்றாள். செய்யவில்லை.

டிசம்பருக்குள் பன்னிரண்டு கதவுகளும் ஏறின. ஒவ்வொன்றின் தலையிலும் பிரேக்காக, எண்ணெய் நிரப்பிய ஒரு தடுப்புக் கை. குளிர்காலம் முழுக்கக் காவலுக்கு ஆள் வேண்டும் என்றாள் கனிமெத். வேறு யாரையும் அந்தக் கதவுகளோடு விட மனமில்லாமல் ஷர்ஷெனே ஒப்புக்கொண்டான். தினமும் பன்னிரண்டு குவிமாடங்களுக்குள்ளும் போய் அடுப்பு மூட்டி வர வேண்டும். ஊல்கான் பிஷ்கேக்கில் காலையில் வானிலை பார்க்கும்போது சூசமிரையும் பார்க்கத் தொடங்கினாள். இருபத்தைந்து. இருபத்தெட்டு. முப்பத்து மூன்று. எல்லாம் பூச்சியத்துக்குக் கீழே. எண்ணெய் எந்தக் குளிரில் உறையும் என்று தடுப்புக் கையின் பெட்டியில் எழுதியிருந்தது. அந்தப் பெட்டியை அவள் மேசை இழுப்பறைக்குள் தள்ளியிருந்தாள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மெலிஸ் கோட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"ஏழாம் நம்பர் டோமுல ஷர்ஷென் மேல கதவு விழுந்துடுச்சு. தடுப்புக் கை குளிர்ல முறிஞ்சிருக்கு. தோள்பட்டை, மூணு விலா. நாலு மணி நேரம் கதவுக்கும் சுவத்துக்கும் நடுவுல கெடந்திருக்கான். உயிர் இருக்கு."

"மத்த கதவு?"

"புது பிரேக் வருதாம். வெள்ளிக்கிழமை விருந்தாளிங்க வராங்க. குடும்பங்க."

ஊல்கான் கோப்பைத் திறந்தாள். மென்பொருளில் அளவு காட்ட நிறுத்தி வைக்கும் மனித உருவங்கள் உண்டு. ஒன்றை எடுத்து நூற்று எழுபது சென்டிமீட்டராக்கி, குவிமாடத்துக்குள் தாழ்ப்பாள் அருகில் நிறுத்தினாள். கதவைத் திறந்தாள். கதவு அவன் மார்பு வழியாகப் புகுந்து, முதுகு வழியாக வெளிவந்து, சுவரில் போய் நின்றது. வேகம் குறையவில்லை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அவன் முகம் அப்படியே இருந்தது.

அந்தப் படத்தின் கீழே சாய்வையும் எடையையும் எழுதினாள். இந்தப் பன்னிரண்டு கதவுகளையும் கழற்றும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது, பிரேக் தாங்கும் என்று நான் சொன்னது தவறு என்று இரண்டு மொழியிலும் எழுதித் தன் பெயரைப் போட்டாள்.

மெலிஸ் அவள் தோளுக்கு மேலாகப் படித்தார். "இதக் கனிமெத் அக்காவுக்கு அனுப்பினா நம்ம ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது, தெரியுமில்ல?"

"அனுப்பிட்டேன் அண்ணே."

நவம்பரில், வண்டிக் கண்ணாடியைத் தட்டி ஷர்ஷென் கேட்டது இதைத்தான்:

"உங்க படத்துல ஆளுங்க எப்பவும் வெளியதான் நிக்கிறாங்க, மலையப் பாத்துக்கிட்டு. உள்ள ஒருத்தன நிறுத்து தங்கச்சி. கதவுக்குப் பின்னால. என் உயரத்துக்கே நிறுத்து. அப்புறம் திறந்து பாரு."