சீட்டை மாற்றிக்கொள்வோமா என்று கேட்டவர்

சிவலிங்கம் அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் செய்த முதல் காரியம், அதை மறுத்துப் பேசியது. தபால் கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். பதுளையிலிருந்து ஹமீது நானா போனில் பேசினார். "சிவா போயிட்டார் தம்பி." யார் சொன்னது என்று கேட்டேன். அண்ணனின் மனைவி பத்மா மதினி சொன்னதாகச் சொன்னார். "மதினி பதற்றத்துல ஏதாச்சும் சொல்லியிருப்பாங்க. மயக்கமா இருக்கும். டாக்டர் பார்த்தாரா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களா?" என்று அடுக்கிக்கொண்டே போனேன். வரிசையில் நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். நானா முழுவதையும் கேட்டுவிட்டு, "பேசி முடிஞ்சா வாங்க தம்பி, கடையைப் பூட்டிட்டு நிக்கிறேன்" என்றார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். தோட்டத்துப் பாதையில் வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதைப் படிக்கிற பலர் எங்கள் மூவரையும் ஒரே மேடையில் பார்த்தவர்கள்தான். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினெட்டு வருடம் நாங்கள் ஊவா மாகாணம் முழுக்கப் பட்டிமன்றம் பேசினோம். கொஸ்லந்தையிலிருந்து மடுல்சீமை வரைக்கும் எந்தத் தோட்டத்தில் திருவிழா என்றாலும் ஹமீது நானாவின் வேன் அங்கே நிற்கும். நானா பதுளையில் துணிக்கடைக்காரர், எங்கள் நடுவர். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த சிவலிங்கம் அண்ணன் ஒரு அணிக்குத் தலைவர், நான் மற்ற அணிக்கு. அடுத்த மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் கேட்கும்படி கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவருடையது. மைக் அவருக்கு ஒரு மரியாதைக்குத்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தலைப்பைத் திருவிழாக் கமிட்டி கொடுக்கும். யார் எந்தப் பக்கம் என்பதை வேனில் போகும்போது சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். நானா கடை பில்லின் பின்பக்கத்தில் இரண்டு சொல்லை எழுதி மடித்துத் தொப்பிக்குள் போடுவார். விழுந்ததை மாற்றக் கூடாது. ஒரு முறை நான் முணுமுணுத்தபோது அண்ணன் சொன்னார்: "புடிச்ச பக்கம் பேசுறது யாருக்கும் வரும் தம்பி. விழுந்த பக்கத்தைப் பேசிக் காட்டுங்க, அப்பதான் எதிராளி ஏன் அப்படி நெனைக்கிறான்னு வெளங்கும்." அந்தப் பேச்சை நான் எத்தனையோ மேடையில் என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டிருக்கிறேன். இன்றைக்கு அதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

இன்னொரு வழக்கம், எதிரணித் தலைவரின் வேலையையும் வீட்டையும் மேடையில் இழுத்துக் கிண்டலடிப்பது. அது இல்லாமல் பட்டிமன்றம் கேட்கச் சனம் வராது. வெலிமடையில் எங்கள் முதல் மேடையிலேயே அவர் ஆரம்பித்துவிட்டார். "நம்ம தம்பி தபால் கந்தோர்க்காரர். இப்ப அவர் பேசுறது உங்களுக்கு நாலு நாள் கழிச்சுத்தான் வந்து சேரும்" என்றார். கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் விடவில்லை. "கணக்கப்பிள்ளை பேசுறப்ப கண்ணசந்துடாதீங்க, அரைப்பேர் போட்டுருவார்" என்றேன். அரைப்பேர் என்றால் பாதிநாள் சம்பளம், அதைச் சொன்னால் தோட்டத்தில் சிரிக்காத ஆள் கிடையாது. இறங்கி வந்ததும் ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். மேடையில் பேசியதை வேனில் யாரும் எடுக்கக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

போன திருவிழாவுக்கு அவருடைய தோட்டத்திலேயே எங்களைக் கூப்பிட்டார்கள். கணவனா மனைவியா, பணமா குணமா என்று கேட்டுக் கேட்டுச் சனத்துக்குச் சலித்துவிட்டது போல. உக்ரேன் மேல் ரஷ்யா தொடுத்த போர் நியாயமா, அநியாயமா என்று தலைப்புக் கொடுத்தார்கள். அந்தத் தோட்டமே அதில் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பழைய தொழிற்சங்க ஆட்கள் ரஷ்யாவைத் தொட்டால் சண்டைக்கு வந்தார்கள். இன்னொரு கூட்டம், அந்தச் சண்டையால்தான் கோதுமை மா விலை ஏறி ரொட்டி சின்னதாகிவிட்டது என்று திட்டியது. வாசகசாலையில் இரண்டு பேர் கதிரையைத் தூக்குகிற அளவுக்குப் போயிருந்தார்கள்.

சொந்தத் தோட்டம்தான் என்றாலும், வழக்கப்படி வேனில் சீட்டு எடுக்கவென்று அண்ணன் சந்தி வரைக்கும் வந்து நின்றார். ஏறினார், சீட்டு எடுத்தார். அவருக்கு நியாயம், எனக்கு அநியாயம். மடிப்பைப் பிரித்து இரண்டு தடவை பார்த்தார். பிறகு, "தம்பி, சீட்டை மாத்திக்குவமா?" என்று கேட்டார்.

பதினெட்டு வருடத்தில் அவர் கேட்காத கேள்வி. எனக்கு அது விளங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, சிரித்தேன். "என்னண்ணே, சொந்த ஊர்லயே தோத்துருவோம்னு பயமா? வழக்கத்தை மீறலாமா?" என்றேன். உள்ளதைச் சொன்னால், அநியாயம் என்ற பக்கத்துக்கு நான் இரண்டு வாரமாகப் பத்திரிகை படித்து வைத்திருந்தேன். அந்தச் சீட்டு எனக்கு விழ வேண்டும் என்று சாமி கும்பிடாத குறை. அதை விட மனமில்லை. அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கோயில் முன்னால் மேடை. அண்ணன் முதலில் பேசினார். கையில் தாள் வைத்திருந்தார், அதுவே புதிது. "நம்ம எதிராளி பக்கத்து லயத்துக் கூரையில ஏறி நின்னு நம்ம வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தா நாம சும்மா இருப்பமா?" என்றார். சங்கத்து ஆட்கள் கைதட்டினார்கள். ஆனால் குரல் எழவில்லை. என் முறை வந்ததும் நான் பறந்தேன். கூரையில் ஏறினவனை இறங்கச் சொல்வதை விட்டு, பத்துக் குடும்பம் வரிசையாக இருக்கிற லயத்தையே இடிக்கிறதா நியாயம் என்று கேட்டேன். பேச்சு ஏறிவிட்டது. வீட்டை இழுக்க வேண்டிய நேரம் வந்தது.

அவருடைய மகன் சுரேஷ் துபாயில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறான் என்று தோட்டமே அறியும். எடுத்தேன். "போர் நியாயம்னு சொல்றாரே எங்க கணக்கப்பிள்ளை, அவ்வளவு நியாயமா இருந்தா மகனை எதுக்கு துபாய்க்கு வெங்காயம் வெட்ட அனுப்பினார்? அந்தச் சண்டைக்கே அனுப்பியிருக்கலாமே?" கூட்டம் உருண்டது. முன்வரிசையில் பத்மா மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் தலைவர்கள் இருவருக்கும் ஆளுக்கு இரண்டு நிமிடம் உண்டு. அண்ணன் எழுந்து மைக்கை ஒதுக்கி வைத்தார். மலையில் ஆள் கூப்பிடுகிற குரல் வந்தது. "தம்பி கேட்டதுக்குப் பதில் சொல்லிடுறேன். அனுப்பிட்டேன். சுரேஷ் அங்கதான் இருக்கான்" என்றார்.

விழுந்தது கைதட்டல். சரியான பதிலடி என்று நினைத்துவிட்டார்கள். நானும்தான் நினைத்தேன், நானும்தான் தட்டினேன். அந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தியது ஒரே ஒரு ஆள். மதினி முந்தானையை எடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து லயத்துப் பக்கம் நடந்தார். அண்ணன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "எனக்கு விழுந்த சீட்டு இது. இந்தச் சண்டை நியாயம்தான்னு யாராச்சும் எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க. கேக்கத்தான் நிக்கிறேன்." கைதட்டல் மெதுவாக ஓய்ந்தது. நானா தீர்ப்புச் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு இவ்வளவுதான்" என்று இறங்கிவிட்டார்.

வேன் அருகில் வைத்து அண்ணன் எங்களிடம் சொன்னார். சுரேஷ் ஒரு ஏஜென்ட் மூலம் ரஷ்யாவுக்குப் போயிருக்கிறான். கேன்டீன் வேலை என்று கூட்டிப் போனவர்கள், அங்கே போனதும் சீருடையைக் கொடுத்துத் துவக்கையும் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவிடம் மட்டும் சொன்னான். மதினிக்கு ரத்த அழுத்தம் என்று இவர் துபாய்க் கதையைக் கட்டி ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்தேன். மகனை இழுத்ததற்கு ஏதோ சொல்லப் போனேன். "மேடையில பேசினதை வேன்ல எடுக்கக் கூடாது தம்பி" என்றார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் நியாயம் தேடி அலைந்தார். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளைக்கு வந்துவிடுவார். ஒரு நாள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இரண்டு பேர் இதே சண்டையைப் பற்றித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நடுவில் போய் உட்கார்ந்து பால் போடாத ஒரு பிளேன்டி சொன்னார். ஒருவன் ரஷ்யா செய்வது சரி என்றான், மற்றவன் கொலைகாரக் கூட்டம் என்றான். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் அலுத்துவிட்டது, மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அண்ணன், சரி என்று சொன்னவன் தோளைத் தொட்டு, "இன்னுங் கொஞ்சம் பேசுங்க தம்பி" என்றார். அவன் பயந்துபோய் எழுந்து போய்விட்டான்.

நான் பொறுக்க முடியாமல் கோபப்பட்டேன். "உங்க புள்ள அங்க இருக்கிறதுக்காக அது நியாயமாயிடுமா அண்ணே?" என்று கேட்டே விட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஆகாது தம்பி. ஆனா அநியாயம்னா என் புள்ள அங்க என்ன செஞ்சுக்கிட்டு இருக்கான்னு நான் நெனைக்கணும்ல. சாகுறது ஒரு பயம். அவன் கையால யாரும் செத்திருந்தா, அது வேற."  

நானாவிடமும் கேட்டிருக்கிறார். நானாவின் பதிலை நானே பக்கத்தில் இருந்து கேட்டேன். "சிவா, எங்கட பள்ளியில வேற ஒரு சண்டைக்காக வெள்ளிக்கிழமை தவறாம துஆ கேக்கிறோம். எந்தச் சண்டையையும் நியாயம்னு சொல்ல என்ட வாய் வருதில்ல. ஆனா மகன் வரணும்னு கேக்க வாய் வருது. அத நான் கேக்கிறேன்" என்றார். அண்ணன் தலையாட்டினார். அன்று மட்டும் இரண்டாவது பிளேன்டி குடித்தார்.

மதினியைப் பார்க்கப் போக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. படியிலேயே நின்றேன். "உள்ள வாங்க தம்பி" என்றார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க இழுத்ததாலதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. இல்லேன்னா இந்த மனுசன் இதையும் தனியாவே சுமந்திருப்பார்" என்றார். அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று இன்றுவரை தெரியாது. தேநீர் ஊற்றிக் கொடுத்தார், குடித்தேன்.

சாவு வீட்டில் இன்னொன்று நடந்தது. கொள்ளிக்குடம் யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது, சொந்தத்தில் ஒருவர் முன்வந்தார். மொட்டை போட ஆள் கத்தியோடு வந்ததும் மதினி எழுந்துவிட்டார். "குடத்தை யாரும் தூக்குங்க. மொட்டை வேணாம். அதுக்கு ஆள் இருக்கு" என்றார். அப்போது சுரேஷிடமிருந்து எந்தச் செய்தியும் வராமல் ஏழு வாரமாகியிருந்தது. வந்த ஆள் கத்தியை மடித்துக்கொண்டு போனார். குழிக்கரையில் இரங்கல் பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருடம் வாயால் பிழைத்தவன், பெயரைச் சொன்னேன், அதற்கு மேல் வரவில்லை.

கருமாதி அன்று மத்தியானம் இலை போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணனுடைய போன் அடித்தது. மதினி அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். சுரேஷ்தான். காலில் அடிபட்டு எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார். இருவரும் அழுதார்கள். பிறகு, "சித்தப்பாகிட்ட பேசு" என்று போனை என் கையில் திணித்தார்.

"சித்தப்பா, நான் இங்க வந்ததைப் பத்தி அப்பா என்ன சொன்னாரு? வெறுத்துட்டாரா?"

கோயில் முன்னால் அந்தப் போர் அநியாயம் என்று சாதித்தவன் நான். இன்றைக்கும் எனக்கு அது அநியாயம்தான். "இல்லடா. மேடை ஏறி, தோட்டமே கேக்க, உன் பக்கம்தான் பேசினார்" என்றேன். பொய் சொல்லவில்லை. அன்றைக்குச் சீட்டை மாற்றிக்கொண்டிருந்தால் இந்த ஒரு வார்த்தை எனக்குக் கிடைத்திருக்காது. அதற்காக நான் செய்தது சரியாகிவிடுமா என்று கேட்காதீர்கள், அதையே கேட்டுக் கேட்டு நான் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன்.

அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "யாரு சித்தப்பா ஜெயிச்சது?" என்று கேட்டான்.

"நானா இன்னும் தீர்ப்புச் சொல்லல. நீ வந்தப்பொறம்தான் சொல்லுவாராம்" என்றேன். அவன் சரி என்றான். அத்தோடு லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு இதை எழுதுகிற நாள் வரைக்கும் அவன் பேசவில்லை. மதினி போனைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறார்.

அண்ணே, உங்கள் குரலை ஊரே வைத்துக்கொள்ளும், உங்கள் கிண்டல்களை வெலிமடைக்காரர்கள் வைத்துக்கொள்வார்கள். நான் வைத்துக்கொள்வது வேனில் நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்வியை. இப்போது கேட்டாலும் சீட்டை மாற்றித் தருவேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் சிரிக்க மாட்டேன். ஏன் அண்ணே என்று கேட்பேன்.