அடுக்கின் மேலிருந்த புத்தகம்

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு காய்ச்சல் பிடித்துக்கொள்ளும். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் தமிழ் வாசகர்களின் குழு அது. அந்த ஆண்டில் வாசித்த புத்தகங்களையெல்லாம் மேஜைமேல் அடுக்கி, தலைப்புகள் தெரியும்படி படம் எடுத்துப் போட வேண்டும். யார் அடுக்கு உயரம் என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன்.

இந்த முறை என் அடுக்கு நன்றாகவே உயர்ந்திருந்தது. கல்கத்தாவில் தமிழ்ப் புத்தகம் சேர்ப்பது லேசான காரியமில்லை. தபாலில் வரவழைப்பேன். சென்னையிலிருந்து ரயிலேறும் யாராவது எடுத்துவந்தால், விடிந்ததும் விடியாததுமாக சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்குப் போய்க் கைநீட்டி வாங்கிக்கொள்வேன். டாலிகஞ்சில் மெட்ரோ ஏறினால் எஸ்பிளனேடில் மாறி சால்ட் லேக் ஆபீஸ் போய்ச் சேரும்வரை கண்ணைப் புத்தகத்தைவிட்டு எடுக்க மாட்டேன். கல்யாணம் செய்துகொள்ளாதவன், அம்மாவும் போய்விட்டாள். வாசிப்பதைத் தவிர எனக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது.

படம் எடுப்பதற்கு முன் என்ன தோன்றியதோ, அலமாரியின் ஓரத்தில் கிடந்த மெல்லிய வங்காளப் புத்தகம் ஒன்றை எடுத்து அடுக்கின் மேலே வைத்தேன். எல்லாம் பீற்றிக்கொள்ளத்தான். தமிழ்தான் எல்லோரும் படிக்கிறார்களே, இவன் வங்காளமும் படிக்கிறானே என்று நாலு பேர் சொல்லட்டும் என்ற ஆசை. சொன்னார்கள். கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. பிறகு டெல்லியிலிருந்து ஓர் அம்மையார் மட்டும், "மேலே இருக்கிற வங்காளப் புத்தகம் எதைப் பத்தி? ரெண்டு வரி எழுதுங்களேன், ஆசையா இருக்கு" என்று கேட்டிருந்தார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் புத்தகத்தை நான் படிக்கவே இல்லை.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டோம். நான் மத்திய அரசுப் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்தேன். தமிழ் எழுத்து அம்மா சமையலறையில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தது. வங்காளம் தெருவில் வந்தது, எழுத்தில்லாமல் வந்தது. மீன்காரரிடம் பேரம் பேசுவேன், ஆபீஸில் அரசியல் சண்டை போடுவேன், எவரும் என்னை வெளியூர்க்காரன் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் படிக்கத் தெரிந்தது பஸ் போர்டு அளவுக்குத்தான். எழுத்துகள் ஒன்றோடொன்று பிணைந்த கூட்டெழுத்து வந்தால் திணறிப்போவேன். இவ்வளவு சரளமாகப் பேசுகிறவனுக்குப் படிக்கத் தெரியாது என்று யாருக்கும் தோன்றாது. நானும் ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே எங்கள் ஆட்களில் பாதிப் பேரின் கதை இதுதான், சொல்லிக்கொள்ளத்தான் மாட்டோம்.

புத்தகம் எழுதியவர் எங்கள் எதிர்ஃபிளாட் மாஷிமா. அம்மாவின் தங்கை முறை வைத்து நான் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், சின்னச் சின்னப் பத்திரிகைகளில் கட்டுரைகள் எழுதுவார். அவற்றைத் தொகுத்து இந்த ஆண்டு பொய்லா பொய்ஷாக் அன்று, அதாவது அவர்களுடைய வருஷப் பிறப்பன்று, புத்தகமாகக் கொண்டுவந்தார். நம் சித்திரைப் பிறப்பும் அதையொட்டித்தான் வரும். பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர் புத்தகத்தைக் கையில் வைத்தார்.

எங்கள் பேச்சு எப்போதும் வங்காளத்தில்தான், இங்கே தமிழாக்கி எழுதுகிறேன். "இதுல கடைசியா இருக்கறது உனக்காகவே எழுதினது. படிச்சுட்டு எனக்கு ஒரு விஷயம் சொல்லணும் நீ" என்றார் மாஷிமா.

எழுதுகிறவர்கள் எல்லோரும் கேட்பதுதானே, பாராட்டு வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதே "எனக்குப் படிக்க வராது மாஷிமா, நீங்களே வாசித்துக் காட்டுங்கள்" என்று சொல்லியிருந்தால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு வாசித்திருப்பார். கூச்சம் தடுத்தது. இத்தனை வருஷம் கழித்து அதை எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து திறந்தேன், நாலு எழுத்து கூட்டினேன், கண் வலித்தது, அலமாரியில் செருகினேன். தமிழ் நாவல் ஒன்று பாதியில் இருந்தது.

ஒரு வாரம் கழித்து லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பிரமாதம் மாஷிமா. கண்ல தண்ணி வந்துடுச்சு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கடைசி வரி?"

"கடைசி வரிதான் ரொம்ப நல்லா வந்திருக்கு."

மாஷிமா என்னையே பார்த்தார். வேறு ஏதோ வரும் என்று காத்திருக்கிற பார்வை. "அவ்வளவுதானா?" என்றார். நான் தலையாட்டினேன். லிஃப்ட் நின்றது, அவர் தன் வீட்டுக்குள் போய்விட்டார். அதன் பிறகு அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவேளை தப்பித்தோம் என்றிருந்தேன். என்ன ஜென்மம் நான்.

டெல்லி அம்மையாருக்கு ஏதாவது அளந்துவிட்டிருக்கலாம். அட்டையில் ஒரு ஜன்னல் படம் இருந்தது, அதை வைத்தே ரெண்டு வரி ஒப்பேற்றியிருப்பேன், அதற்கும் துணிந்தவன்தான். ஆனால் லிஃப்டில் பார்த்த அந்த முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, பால்கனியில் வெயில் விழுகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு, கடைசிக் கட்டுரையைப் பிரித்தேன். கூட்டெழுத்துகளுக்கு உதவியாக ஃபோனில் ஒரு வங்காள அரிச்சுவடியைத் திறந்து வைத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயதில் ஆனா ஆவன்னா.

மனசுக்குள் படித்தால் ஒன்றும் ஏறவில்லை. வாய்விட்டுப் படித்தால்தான், காதில் விழுந்த பிறகு, அடடே இந்த வார்த்தையா என்று பிடிபட்டது. அப்படி எழுத்தெழுத்தாகக் கூட்டி முதல் பத்தியை முடித்தபோது கட்டுரைக்குள் எதிர்வீட்டுத் தென்னாட்டு அம்மா ஒருவர் வந்தார். காலையில் ஈரத்தலையோடு வாசலில் கோலம் போடுகிறவர். இட்லி மாவு புளித்துவிட்டால் ஒரு கிண்ணம் எடுத்துவந்து கதவைத் தட்டுகிறவர். அது என் அம்மா.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது கையும் காலும் ஓரளவு தப்பின. போனது பாஷைகள்தான். இந்த ஊரில் பழகிய வங்காளமும் இந்தியும் துடைத்தாற்போல் போய்விட்டன, தமிழ் மட்டும் மிஞ்சியது. அதுவும் கொஞ்சம். சாயங்காலங்களில் மாஷிமா வந்து அவளோடு முன்னறையில் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு வங்காளம் போய்விட்டது. ரெண்டு பேரும் என்னதான் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஆபீஸிலிருந்து வந்ததும் காபியைக் குடித்துவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவேன். மாஷிமா இருக்கிறாரே, நிம்மதியாகப் படிக்கலாம்.

என்ன செய்தார்கள் என்று இப்போது மாஷிமா எழுதியிருந்ததைப் படித்தேன். அம்மாவுக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் பயம் வருமாம். காரணம் சொல்லத் தெரியாதாம். மாஷிமா கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பிள்ளையைக் கூப்பிடட்டுமா?" என்று உள்ளறைப் பக்கம் சைகை காட்டுவாராம். உடனே அம்மா அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, ஒரே வாக்கியத்தைச் சொல்வாளாம். தினமும் அதே வாக்கியம். உள்ளேயிருந்து தாள் புரளும் சத்தம் கேட்டால் அவள் முகம் தெளிந்துவிடுமாம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் மாஷிமா கேட்காமலே எழுந்து என்னைக் கூப்பிட வந்தாராம். அம்மா அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்து, அந்த வாக்கியத்தையே சொன்னாளாம்.

இதெல்லாம் என்னிடமிருந்து ஒரு கதவு தூரத்தில் நடந்திருக்கிறது.

"அது அவளுடைய கடவுளின் பெயராக இருக்க வேண்டும்" என்று மாஷிமா எழுதியிருந்தார். "எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் பயம் வரும்போது இப்போதெல்லாம் நானும் அதைச் சொல்லிக்கொள்கிறேன். தெரிந்தவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார், ஒருநாள் எனக்குச் சொல்வார்."

அதற்குக் கீழே கடைசி வரி. வங்காள எழுத்துகள்தான். ஆனால் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் ஒரு வங்காள வார்த்தைகூடத் தேறவில்லை. என் படிப்பின் லட்சணம் என்று நினைத்து, மறுபடியும் முதலிலிருந்து, பிள்ளைகள் படிக்கிற மாதிரி உரக்கப் படித்தேன். வங்காளத்தில் வகரம் கிடையாது, அதனால் 'அவன்' என்பது 'அபன்' ஆகியிருந்தது. மற்றபடி மாஷிமாவின் காது ஒரு சத்தத்தைக்கூடத் தவறவிடவில்லை. என் வாயிலிருந்து அம்மாவின் திருநெல்வேலித் தமிழ் வந்தது.

"அவன் படிச்சுக்கிட்டு இருக்கான். கூப்பிடாதீய."

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேட்ட வாக்கியம். பரீட்சைக்குப் படிக்கும்போது அப்பா ரேடியோவைத் திருகினால் சொல்வாள், உறவுக்காரர்கள் வந்து சத்தம் போட்டால் சொல்வாள். அவளுக்குப் பாடப் புத்தகமும் கதைப் புத்தகமும் ஒன்றுதான், பிள்ளை படித்துக்கொண்டிருந்தால் வீடு மூச்சுவிடக் கூடாது. எல்லா வார்த்தையும் போன பிறகும் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். அவமானத்தில் உடம்பு கூசியது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுபோல் பால்கனியிலிருந்து எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

குழுவில் போட்ட படத்தை அழித்தேன். அது சுலபம். எதிர்க்கதவைத் தட்டத்தான் வெகு நேரம் பிடித்தது.

மாஷிமா தரையில் கம்பளியை விரித்து, கமலா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். கையில் புத்தகத்தோடு நான் நிற்பதைப் பார்த்ததும் உரிப்பதை நிறுத்தினார்.

"மாஷிமா, அன்னிக்கு லிஃப்ட்ல நான் சொன்னது பொய். படிக்கவே இல்லை. எனக்கு வங்காளம் படிக்க வராது. இன்னிக்குத்தான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் வேற நினைச்சுட்டேன்டா" என்றார். "அது உங்க வீட்டு மந்திரம், வெளியாளுக்குச் சொல்லக் கூடாது போலிருக்குன்னு. அதான் மறுபடி கேட்கல." பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்போ சொல்லலாமா? எந்த சாமி?" என்று கேட்டார்.

சாமி பெயர் ஒன்றைச் சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும். நாக்கு நுனிவரை வந்தது. அவரும் சந்தோஷப்பட்டிருப்பார், விளக்கேற்றும்போது இன்னும் நம்பிக்கையோடு சொல்லியிருப்பார். ஆனால் இன்னொரு தரம் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. அர்த்தத்தைச் சொன்னேன். அவன் படித்துக்கொண்டிருக்கிறான், கூப்பிடாதீர்கள்.

மாஷிமா அந்த வாக்கியத்தைத் தனக்குள் ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார், தமிழிலேயே. கண் நிறைந்துவிட்டது. ஆரஞ்சுச் சுளை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். குத்திக் காட்டும் எண்ணமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில், டீச்சர் பிள்ளையைக் கேட்பதுபோல் கேட்டார்.

"அப்படி என்னடா படிச்சுக்கிட்டு இருந்தே?"

யோசித்தேன். அந்தச் சாயங்காலங்களில் மடியில் இருந்த புத்தகங்களில் ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும் என்று மிகவும் யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.