வராந்தாவில் விட்ட செருப்புகள்

ஊரிகத்தில் என் வீட்டு வராந்தாவைப் பார்க்கிற புதியவர் எவரும், உள்ளே பெரிய ஜெபக்கூட்டம் நடக்கிறது என்றே நினைப்பார். அத்தனை செருப்புகள் கிடக்கும். எட்டிப் பார்த்தால் நான் ஒருவன்தான் கேழ்வரகுக் களியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். செருப்புக்காரர்கள் எல்லாரும் அந்நேரம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறித் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியிருப்பார்கள். உள்ளே சேறும் தண்ணீரும். செருப்போடு போனால் அது கரையேறாது. சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாசலில் விட்டாலோ யார் காலிலாவது ஏறிக்கொள்ளும். ஆகையால் ஷிப்டுக்குப் போகிற சபையார் தங்கள் செருப்பைப் போதகரான என் வீட்டில் காவலுக்கு விட்டுப்போவது வழக்கமாகிவிட்டது.

ஒருநாள் இவ்வழியே வந்த வெள்ளைக்காரச் சுரங்கக் கேப்டன் ஒருவர், செருப்புகளைக் கண்டு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டம் முடியட்டும் என்று வெயிலில் வெகுநேரம் நின்றார். நான் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும், வேலைநாளில்கூட இவ்வளவு பேர் ஜெபிக்கிறார்களே என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இல்லையென்று சொல்லத் தொடங்கினேன். என் ஆங்கிலம் பாதி வழியில் நின்றுபோகவே, தலையை ஆட்டிவைத்தேன். மனிதர் மகிழ்ச்சியோடு போனார்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிற நம்மவர்களாகிய நீங்கள், செருப்புக்கா இத்தனை காவல் என்று சிரிக்கலாம். ஆற்காட்டுப் பக்கத்து நம் ஊரை நினைத்துப் பாருங்கள். மேல்தெருவில் நாம் செருப்புக் காலோடு நடந்ததுண்டா? செருப்பு வைத்திருந்த ஒன்றிரண்டு பேரும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் அந்தத் தெருவைக் கடந்தார்கள். கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தும் அந்த வழக்கம் மாறவில்லை. மைசூர்ச் சீமைக்கு வந்த நம்மவர்கள் முதல் கூலியில் பஜாரில் வாங்கியது செருப்பைத்தான். ஞாயிற்றுக்கிழமை அது கீச்சுக் கீச்சென்று சத்தம் போட, வேண்டுமென்றே மெதுவாக நடந்து ஆராதனைக்கு வருவார்கள். இங்கே மட்டும் பரலோகம் இறங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஷிப்டு முடிந்து ஏறுகிறவர்களைத் துணி உதறித் தங்கம் தேடித்தான் வெளியே விடுகிறார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட எனக்கோ அதே காவல்காரன் சலாம் வைக்கிறான். அந்தச் சலாமை வாங்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். ஆனாலும் தெருவில் நிமிர்ந்து நடக்கலாம். உங்களை நடத்துகிறவர் கர்த்தர் என்று நானும் பிரசங்கபீடத்தில் நின்று முழங்கியிருக்கிறேன்.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஊரில் வீடு கட்டிவிட்டேன், வந்துவிடுங்கள் என்று மகன் கூப்பிடுகிறான். அந்த வீட்டைப் பார்க்க அறுப்புக்கு முன்னால் ஒருமுறை போனேன். பாறையில் துளை போடுகிற வேலை பார்க்கும் அனனியாவும், ஊரில் இருக்கிற தன் தம்பிக்குச் சின்ன மகளைக் காட்டவென்று அவளை அழைத்துக்கொண்டு கூட வந்தான். மகள் சாராள் இங்கே சுரங்கக் கூலிகளின் லைன் வீட்டில் பிறந்தவள். நம் ஊரைக் கண்டதில்லை. காட்பாடியில் இறங்கி வண்டி பிடித்தோம். ஏரிக்கரையோடு வண்டிப் பாதை முடிந்தது. அதற்கப்புறம் மேல்தெரு வழியாகத்தான் நடக்க வேண்டும்.

தெரு முனையில் நாலைந்து பேர் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கழற்று என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்களைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நான் குனிந்தேன். செருப்பு என் கைக்கு வந்துவிட்டது. அனனியா செருப்புக் காலோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனும் கழற்றினான். சாராள் எங்கள் இருவரையும் பார்த்தாள். நடுத்தெருவில் போதக ஐயரும் அப்பனும் செருப்பைக் கழற்றினால், அது சாமி இருக்கிற இடமாகத்தானே இருக்க வேண்டும்? அவளும் தன்னுடையதைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கண்ணை மூடி, கைகுவித்து, அந்த வீடுகளைப் பார்த்துத் தலைகுனிந்து, நான் கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை முணுமுணுக்கத் தொடங்கினாள்.

நிழலில் இருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். “பரவாயில்லையே, குழந்தைக்கு மரியாத தெரியுது” என்றார்.

அனனியா மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். புது வீட்டில் எத்தனை அறை, எந்தப் பக்கம் சன்னல் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு அவமானமாக இருந்தது. அந்தக் குழந்தையை அங்கே கும்பிட வைத்தவன் நான்.

திரும்பி வந்தபின் அனனியாவின் செருப்பு என் வராந்தாவுக்கு வரவில்லை. வெறுங்காலோடு வீட்டைத் தாண்டி ஷாஃப்டுக்குப் போவதைப் பார்த்தேன். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கூப்பிட்டு, செருப்பு எங்கே என்று கேட்டேன்.

“இன்னாத்துக்கு ஐயா அது? ஊருக்குப் போனா கழட்டிக்கப் போற செருப்புதானே.” இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டினான். “உங்க மேல கோவம் இல்லீங்க. நீங்க போட்டுனு நடந்திருந்தா நானும் போட்டுனே வந்திருப்பேன். அவ்ளோதான்.”

ஷிப்டுச் சங்கு ஊதியது. போய்விட்டான். கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போன வாரம் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது சாராள் வந்து பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தாள். “அந்தத் தெருவுல சாமி இல்லியாமே, அப்பா சொன்னாரு” என்றாள். “நீங்க திரும்பப் போனா கழட்டுவீங்களா ஐயா?”

நரகத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னவன் நான். அவள் முகத்தைப் பார்க்காமல், “கழட்டமாட்டேம்மா” என்றேன். அவள் குதித்து இறங்கி வீட்டுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை ஷிப்டு இறங்கிய பிறகு வராந்தாவுக்கு வந்தேன். மற்றச் செருப்புகளோடு அனனியாவுடையதும் கிடந்தது.

கர்த்தர் பேரில் எத்தனையோ வாக்குக் கொடுத்திருக்கிறேன். நிறைவேற்ற வேண்டியது அவர் பாடு. இது என் காலை நம்பிக் கொடுத்த வாக்கு. நாளைக்கு ரயில். என் செருப்பையும் அவன் செருப்புக்குப் பக்கத்தில்தான் விட்டிருக்கிறேன். வெளியே போகிறபோதெல்லாம் அதை மாட்டி, வராந்தாவிலேயே நாலு அடி நடந்து பார்க்கிறேன். அவன் அங்கே பூமிக்கடியில் இருட்டில் துளை போட்டுக்கொண்டிருக்கிறான். பட்டப்பகலில் ஒரு தெருவை நடந்து கடக்க வேண்டியவன் நான்.