மேகலா கேட்ட ஒரு வாய் காபி

மேகலா, உன் மகளுக்கு இன்றைக்கு இரும்புச் சத்து மருந்து கொடுத்தார்கள். குடித்ததும் நீ எப்படி முகத்தைச் சுளிப்பாயோ, அச்சு அசல் அப்படியே சுளித்தாள். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். எழுத எனக்கு அவ்வளவாக வராது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் போல இருக்கிறது, அதனால் உங்களிடம் சொல்கிறேன். மேகலா என் மனைவி. பிரசவத்தில் போய்விட்டாள். எங்கள் பெண்ணுக்கு இப்போது இரண்டரை வயசு. மேகலா போயும் அதே இரண்டரை வருஷம்தான். ஒரே நாள்.

காலையில் பால்வாடியில் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து நர்ஸம்மா மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். "வூட்லயும் குடுங்க. ஆனா பால், டீ, காபி கூட குடுக்காதீங்க" என்றார். ஒரு அம்மா சிரித்துவிட்டு, "இத்தினூண்டு புள்ளக்கி எவ நர்ஸம்மா காபி குடுப்பா?" என்றாள். "ஏன் குடுக்கல? பிஸ்கட்ட காபில தொட்டு ஊட்டுறதே நீங்கதான?" என்று நர்ஸம்மா திருப்பிக் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். பேச்சை அப்படியே நிறுத்திக்கொண்டு அடுத்த குழந்தையின் வாயைத் திறக்கப் போய்விட்டார்.

அந்த மருந்துக்கு ஒரு வாசனை உண்டு. மழையில் நனைந்த ஜன்னல் கம்பியை நக்கினால் எப்படி இருக்கும், அப்படி. நான் சின்ன வயசில் நக்கியிருக்கிறேன். நீங்களும் நக்கியிருப்பீர்கள், சொல்ல மாட்டீர்கள். மேகலாவுக்கு அந்தக் கம்பி வாசனை ஆகவே ஆகாது. அதனால்தான் வயிற்றில் பிள்ளை இருந்தபோது கொடுத்த இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்கினாள். காபிக்கு முன்னால் வேறு எந்த வாசனையும் நிற்காது என்பது அவள் கட்சி.

அந்தக் கட்சி ஆரம்பித்ததே என்னால்தான். நான் ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலை செய்கிறேன். அவள் கலவை என்கிற ஊர்ப் பக்கம், நெல்லும் மாடும் உள்ள வீடு. கல்யாணம் ஆகி வந்த புதிதில் என் மேல் அடிக்கிற தோல் வாசனை அவளுக்குத் தாங்கவில்லை. சாயந்திரம் நான் வந்து இரண்டு முறை சோப்பு போட்டுக் குளிப்பேன். அப்படியும் எதிரில் உட்கார்ந்து காபி டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். ஒரு மாசம் அவளுடைய முழு முகத்தை நான் பார்த்ததில்லை, டம்ளருக்கு மேலே இரண்டு கண் மட்டும்தான்.

"இன்னாயா, சோப்ப உனக்குப் போட்டியா, இல்ல கம்பெனி தோலுக்குப் போட்டுட்டு வந்துட்டியா?"

அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும் என்றிருந்தது. பிறகு ஒருநாள் டம்ளர் காலியான பிறகும் அவள் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பழகிவிட்டது போல. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து போய்விடுவாளோ என்று பயம்.

எங்கள் வீட்டில் காபி போடுவது நான்தான். தோல் கம்பெனிக்கு வருமுன் வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் இரண்டு வருஷம் நின்றிருக்கிறேன். எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வித்தை அது. "கொதிக்கிற தண்ணிய அப்படியே ஊத்தாதடா, கசப்பு பூரா எறங்கிடும். கொதி அடங்கட்டும்" என்று அந்த முதலாளி தினமும் சொல்வார். நானும் தினமும் கொதிக்கிறதையே ஊற்றுவேன். திட்டு வாங்கி வாங்கித்தான் கை பழகியது. காலையில் எங்கள் வீட்டில் டிகாஷன் இறங்கினால் காம்பவுண்டு முழுக்க மணக்கும். வீட்டுக்காரம்மா ரஜியா அக்கா, ஆப்பா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், ஜன்னல் வழியாகவே கேட்பார்: "ஏம்மா மேகலா, உன் வூட்டுக்காரர வாடகைக்கு வுடுவியா? காலைல அர மணி நேரம் போதும்." மேகலா உள்ளேயிருந்து, "பூராவுமே இட்டுனு போங்க ஆப்பா, தோல் வாசன ஃப்ரீ" என்பாள்.

வாசனை என்றதும் கம்பெனி ஞாபகம் வருகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும், அதில் இந்தக் கதைக்கு வேண்டியது இருக்கிறது. எங்கள் கம்பெனியில் கொஞ்சம் சரக்கு மரப்பட்டைத் துவர்ப்பில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. பட்டைத் தோல் என்போம். அந்தத் துவர்ப்பு தோலுக்குள் போய்ப் பிடித்துக்கொண்டால் அப்புறம் விடாது, தோல் அழுகாது. நான் ஈரமான பட்டைத் தோல் மேல் இரும்புக் கத்தியை வைத்துவிட்டு காபி குடிக்கப் போய்விட்டேன். வந்து கத்தியை எடுத்தால் தோலில் கத்தி படம் வரைந்த மாதிரி கன்னங்கரேல் என்று ஒரு கறை. கழுவினேன், தேய்த்தேன், போகவில்லை. கூட வேலை செய்கிற இம்தியாஸ் பாய் வந்து பார்த்தார்.

"தம்பி, பட்டத் தோலும் இரும்பும் சம்மந்தி வூட்டுக்காரங்க மாதிரி. பக்கத்துல ஒக்கார வெச்சா மூஞ்சி கறுத்துடும்."

அன்றைக்கு முழுக்கக் கம்பெனியில் என் பெயர் கத்தி.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். ஆனாலும் மேகலா உண்டாகி நாலாம் மாசம் சிவப்பு இரும்பு மாத்திரை கொடுத்தபோது என் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை. தினமும் காலையில் நல்ல திக்கான காபி, நுரை பொங்க, நானே கொண்டுபோய் கையில் கொடுப்பேன். மாத்திரையை உறையிலிருந்து நானே எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாள் தவறியதில்லை. என்னை மாதிரி புருஷன் ஊரில் உண்டா என்று எனக்குள் ஒரு பெருமை.

ஏழாம் மாசம் ரத்தம் பார்த்தார்கள். எட்டரை, பதினொன்றாவது இருக்க வேண்டுமாம். நாலாம் மாசத்திலும் அதேதான். நர்ஸம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திர போடறியா, இல்ல பொட்டில போட்டு வெக்கிறியா?"

"தெனம் போடறேன் நர்ஸம்மா."

"எது கூட?"

மேகலா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "காபி கூட நர்ஸம்மா. நானே போட்டுத் தரேன். நல்லா திக்கா."

நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அட கடவுளே. காபில துவர்ப்பு இருக்குது இல்ல, அது இரும்பப் புடிச்சி வெச்சிக்கும்பா. ஒடம்புல சேர வுடாது. ஒரு பக்கம் நான் குடுக்கறேன், ஒரு பக்கம் நீ புடுங்கினு இருக்கிற." பிறகு பொறுமையாகச் சொன்னார். காபியில் தூக்கத்தை விரட்டுவது ஒன்று, நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு வேறு ஒன்று. விரட்டுகிறது ஜாஸ்தியானால் படபடப்பு வரும், வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது. துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். புளிப்பு அப்படி இல்லை, இரும்பு உடம்பில் சேரக் கைகொடுக்கும். அதனால் மாத்திரையை எலுமிச்சம் ஜூஸோடு போடு, காபியை இரண்டு மணி நேரம் தள்ளிக் குடி, அதுவும் சின்ன டம்ளர். இவ்வளவுதான் அவர் சொன்னது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காபியை விடச் சொல்லவில்லை. தள்ளித்தான் வைக்கச் சொன்னார்.

எனக்கு அந்தக் கத்திக் கறைதான் கண்ணில் நின்றது. வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த டிகாஷனில் தண்ணீர் விட்டுக் கலக்கினேன், பட்டைத் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. ஒரு மாத்திரையைப் பொடி பண்ணிப் போட்டுக் கலக்கினேன். கொஞ்ச நேரத்தில் நிறம் இருண்டு, பேனா மை கரைத்த மாதிரி ஆகிவிட்டது. மேகலா எட்டிப் பார்த்தாள்.

"இதுவா என் வவுத்துக்குள்ள நடந்துனு இருந்துச்சி?"

அவள் சும்மாதான் கேட்டாள். நான் டம்ளரோடு வெளியே போய் சாக்கடையில் ஊற்றிவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

அன்றோடு காபியை நிறுத்தினேன். தள்ளிக் கொடுக்கவில்லை, ஒரேயடியாக நிறுத்தினேன். ஃபில்டரைப் பரண்மேல் ஏற்றினேன். பயந்தவன் கையில் அதிகாரம் கிடைத்தால் அப்படித்தான். இரண்டு நாள் அவளுக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தினமும் குடித்தவள் திடீரென்று விட்டால் அப்படி வலிக்குமாம், பிறகுதான் எனக்குத் தெரியும்.

நான் மட்டும் கம்பெனி கேன்டீனில் குடிப்பேன். வீட்டுக்கு வந்ததும் பிடித்துவிடுவாள். எங்கள் தெருவில் மற்ற பெண்கள் புருஷன் வாயை மோந்து பார்ப்பது வேறு விஷயத்துக்காக. மேகலா காபிக்காக மோந்து பார்த்தாள்.

"யோவ், குடிச்சிட்டுதான வந்துகீற? பொய் சொல்லாத. ஊது."

ஊதுவேன். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பாள். அப்புறம் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக நான் வாயைக் கொப்பளிக்காமல் வருவேன்.

ஒன்பதாம் மாசம் ரத்தம் பத்தரைக்கு வந்துவிட்டது. நர்ஸம்மாவுக்குச் சந்தோஷம். "கெட்டிக்காரி. இனிமே காலைல ஒரு சின்ன டம்ளர் குடிச்சிக்க, பரவால்ல" என்றார். மேகலா என்னைப் பார்த்தாள். நான் நர்ஸம்மாவைப் பார்த்து, "வேணாம் நர்ஸம்மா, பொறக்கட்டும்" என்றேன். வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை.

வலி கண்டது ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்து கொஞ்ச நேரத்தில். ஆட்டோ வந்து நின்றுவிட்டது. ரஜியா ஆப்பா துணிப்பையை எடுத்துக்கொண்டு கூட வரத் தயாராக நின்றார். மேகலா வாசப்படியில் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, ஒரே ஒரு வாய் காபி."

"அப்புறம் மேகலா."

"ஒரு வாய்தான். நாக்கு செத்துப் போச்சி."

ஆப்பா, "ஒரு வாய் குடுத்தா இன்னாப்பா ஆயிடும்? எங்க வூட்ல ரெடியா கீது, ஒரு நிமிஷம்" என்று நகர்ந்தார். "ஆப்பா, நீங்க சும்மா இருங்க" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அன்றைக்கு மட்டும்தான். மேகலா சட்டையை விட்டாள். கோபம்கூடப் படவில்லை.

"சரி, அப்புறம்னா அப்புறம். பெரிய டம்ளர்ல வேணும், ஆமா."

பத்து மணிக்குக் குழந்தை பிறந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். "உன்ன மாதிரியே முழிக்குது பாரு" என்றாள். பிறகு ரத்தம் போக ஆரம்பித்தது. நிற்கவில்லை. ரத்தம் ஏற்றினார்கள், அதுவும் போதவில்லை. வேலூருக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தேன். பள்ளிகொண்டா தாண்டும்போது பின்னாலிருந்து கண்ணாடியைத் தட்டினார்கள். மேற்கொண்டு என்னால் எழுத முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். நான் கேட்டேன், அந்த மூணு மாசம் காபியோடு மாத்திரை கொடுத்ததாலா என்று. "இல்லப்பா. இந்த மாதிரி ரத்தப் போக்கு ரத்தம் நெறைய இருக்கறவளுக்கும் வரும். அத யாரும் சொல்ல முடியாது. ரத்தம் ஏறி இருந்ததாலதான் அவ கொஞ்ச நேரம் தாக்குப் புடிச்சா, புள்ள மூஞ்சப் பாத்தா" என்றார். நம்புகிறேன். பாதி நாள் நம்புகிறேன். கொடுத்த காபியை நான் ஒருவழியாக மன்னித்துக்கொண்டேன். கொடுக்காத காபி இருக்கிறதே, அதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. காலையில் வலியோடு கேட்ட அந்த ஒரு வாய் எந்த இரும்பை எடுத்திருக்கும்? ஆப்பாவைக் கேட்டாலும், நர்ஸம்மாவைக் கேட்டாலும், இன்றைக்கு என்னைக் கேட்டாலும் கொடுத்திருக்கலாம் என்றுதான் சொல்வோம்.

இப்போது எங்கள் வீட்டில் காபி இல்லை. பஜாரில் கொட்டை அரைக்கிற கடை வந்தால் எதிர்ப்பக்கம் நடந்துவிடுவேன். அந்தக் கடைக்காரர் முதலில் கை காட்டிக் கூப்பிடுவார், இப்போது அவரும் பார்க்காத மாதிரி இருக்கிறார். காலையில் காம்பவுண்டில் ஆப்பா வீட்டு ரேடியோ சத்தம் கேட்கிறது, குழாயடிச் சத்தம் கேட்கிறது. ஜன்னல் வழியாக என்னை வாடகைக்குக் கேட்க யாரும் இல்லை, கேட்டால் பதில் சொல்லவும் ஆள் இல்லை. கம்பெனியிலிருந்து அப்படியே வந்து உட்காருகிறேன். பாப்பா ஓடிவந்து மடியில் ஏறுகிறாள். அவளுக்கு நான் எப்போதுமே இந்த வாசனைதான், வித்தியாசமே தெரியாது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று அவள் பெயரைச் சொல்லுங்கள். தொழுகிறவர்கள் உங்கள் துவாவில் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்ச்சுக்குப் போகிறவர்கள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். பெயர் மேகலா. வயசு இருபத்திமூன்று. எனக்காக வேண்டாம், அவளுக்காக. அவள் இருக்கிற இடத்தில் ஆசைப்பட்டு எதையாவது கேட்டால், அப்புறம் என்று யாரும் அவளுக்குச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.