காளியம்மாவுக்கும் அர்ச்சுனனுக்கும் நடுவே

அமலோற்பவத்தை நகரத்துப் பள்ளிகளுக்கு வாத்தியார் வேலைக்கு எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு அசையவில்லை. பிழைக்கத் தெரியாதவள் என்று ஊரே பேசியது. அப்படிப் பேசினவர்கள் யாரும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போனதில்லை. நான் போயிருக்கிறேன்.

அவளுடைய அப்பா அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசராக இருந்து காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர். அதே மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துப் பழைய வாத்தியாரும் போக, அந்த இடத்தில் அமலோற்பவம் தற்காலிகமாகச் சேர்ந்தாள். அந்த வேலைதான் அமலோற்பவத்துக்கும் அவள் அம்மாவுக்கும் சோறு. கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணியோ அதைத் தன் மச்சானுக்குக் கேட்டு வைத்திருந்தார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை சுருக்கமாக முடித்துவிட்டார்: ஆசிரியர் பயிற்சியில் தேறினால் அவள் இருக்கலாம், தவறினால் மச்சான் வரட்டும்.

குளுவாங்கில் சனிக்கிழமைதோறும் தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்த அந்தப் பயிற்சிக்கு நானும் என் பள்ளி இருந்த ஆயர் ஈத்தாமிலிருந்து போய்க்கொண்டிருந்தேன். பாடம் திட்டமிடக் கற்றுக்கொடுத்தவர் தங்கராஜு. ஒரு வருஷத்துப் பாடத்தை மாதமாக, வாரமாக, கடைசியில் ஒரு மணி நேரமாக நறுக்குவதில் மனுஷருக்கு அப்படியொரு சுகம். நாம் என்ன கேட்போம், பிள்ளை என்ன சொல்லும், கரும்பலகையில் எது எங்கே வரும், எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதியாக வேண்டும். கேள்வி பெஞ்சின் ஒரு முனையில் கிளம்பி, ஒரு பிள்ளையையும் தாண்டாமல் மறுமுனைக்குப் போக வேண்டும். தாண்டினால் தோல்விதான். எனக்கு அவரைக் கண்டாலே எரியும்.

ஒரு நாள் அமலோற்பவம் எழுந்து கேட்டாள். "சார், பெஞ்சுல ஒரு இடம் காலியா இருந்தா?"

"நெருக்கி உக்கார வைங்க."

"நெருங்க மாட்டேங்கறாங்க, சார்."

வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் எனக்கு மட்டும் விவரம் சொன்னாள். முதல் பெஞ்சில் காளியம்மாவுக்கும் அர்ச்சுனனுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம். வெள்ளையம்மா என்ற பெண் உட்கார்ந்த இடம். அதே காய்ச்சலில் போய்விட்டாள். காளியம்மா பதில் சொன்னதும் அர்ச்சுனன் வாயைத் திறக்க மாட்டான். எல்லாப் பிள்ளைகளும் அந்தக் காலி இடத்தையே பார்த்துக் காத்திருப்பார்கள். பிறகு தலையை ஆட்டிவிட்டு அர்ச்சுனன் தன் பதிலைச் சொல்வான்.

"ஏன்டா சும்மா இருக்கேன்னு கேட்டேன், அக்கா. 'அவ மெதுவாத்தான் சொல்லுவா, டீச்சர்'ங்கறான்." அவள் குரல் இறங்கியது. "ஒரு நாள் அந்த எடத்துப் பெஞ்சுப் பலகையில கைய வச்சுப் பாத்தேன். இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி சுடுது."

அலமாக், ஐயோ, யாரிடமும் சொல்லித் தொலைக்காதே என்றேன். அவளும் சொல்லவில்லை.

தேர்வுப் பாடத்தை அவரவர் பள்ளியிலேயே நடத்திக் காட்ட வேண்டும். தங்கராஜுவோடு நாங்கள் எல்லாரும் காஹாங் போனோம். பகல்தான், ஆனாலும் ரப்பர் மரங்களுக்குள் வெளிச்சம் வருவதாக இல்லை. தங்கராஜு பெஞ்சைப் பார்த்தார். "இடைவெளி இருந்தா கேள்வி எப்படிம்மா போகும்?" என்றபடி, நானோ அவளோ தடுப்பதற்குள் காளியம்மாவுக்கும் அர்ச்சுனனுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார்.

காளியம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அமலோற்பவம் வெளிறிப்போனாள். ஆனாலும் பாடத்தைத் தொடங்கினாள். மழையைப் பற்றிய பாடம். காளியம்மாவிடம் ஒரு கேள்வி, பதில் வந்தது. அடுத்தது அந்த இடம். அதைத் தாண்டி அர்ச்சுனனுக்குப் போயிருக்கலாம். அங்கே உட்கார்ந்திருந்தவர் பரிசோதகர், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் தாண்டவில்லை. "மேகம் எப்படி உண்டாகுது?" என்று அந்த இடத்தைப் பார்த்தே கேட்டாள்.

பிள்ளைகள் திரும்பினார்கள். தங்கராஜுவின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அவருடைய நெஞ்சுக்கு நேரே, ஒரு சிறு பிள்ளையின் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்தார்கள். அவர் ஏதோ அதட்ட வாயெடுத்தார். பேச்சு பாதியில் நின்றது. பிறகு, பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிறவரைப் போல, மெல்ல ஒதுங்கி உட்கார்ந்தார்.

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அமலோற்பவம் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு அர்ச்சுனனிடம் அடுத்த கேள்வியைக் கேட்டாள். பாடம் முடிந்தது.

வெளியே மரத்தடியில் குறை சொல்லும் நேரம். வழக்கமாக ஆளாளுக்குப் பிய்த்து எடுப்போம். அன்று எல்லாரும் அவரவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தோம். தங்கராஜு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தேறிட்டீங்க," என்றார் கடைசியில். "ஒரே ஒரு குறை. அந்தப் பொண்ணு பாதி சொல்லிக்கிட்டிருக்கும்போதே நீங்க அடுத்த பையனுக்குப் போயிட்டீங்க."

அந்த இடம் ஒரு பெண்ணுடையது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

மற்றவர்கள் லாரியில் ஏறிக்கொண்டார்கள். அமலோற்பவம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேலை நிலைத்த சந்தோஷம் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"பிள்ளைங்களுக்குக் கேக்குது. இப்ப அவருக்கும் கேட்டிருச்சு," என்றாள். "அவளோட டீச்சர் நான். எனக்கு மட்டும் ஒரு தடவைகூடக் கேக்கல, அக்கா."